மாயவரத்துக்கு இரண்டு வண்டிகள்

தஞ்சாவூரிலிருந்து மாயவரம் போக ஒரு மோட்டார் வண்டி போதும். சென்ற தை மாதக் கடைசியில் நாங்கள் இரண்டு வண்டிகளில் போனோம். ஆள் கூட்டம் அதிகம் என்று எண்ணிவிட வேண்டாம். மொத்தம் நாலு பேர்தான். இரண்டும் ஒரே கம்பெனியின் 'ஹோண்டா சிட்டி' வண்டிகள். தூரத்திலிருந்து பார்த்தால் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி இருக்கும். ஒன்று வெறும் பெட்ரோல் வண்டி. மற்றொன்று பெட்ரோல் எஞ்சினோடு மின்சார மோட்டாரும் சேர்ந்த 'ஹைப்ரிட்' வண்டி. அதைக் கலப்பு வண்டி என்று வைத்துக் கொள்வோம். முன்னது என் மைத்துனருடைய சிநேகிதர் இரவல் கொடுத்தது. பின்னது என்னிடம் எட்டாம் வகுப்பில் கணக்குப் படித்து, இப்போது பாங்கியில் உத்தியோகம் பார்க்கும் ஒரு பையனுடையது. வாத்தியாருக்காக ஒரு நாள் லீவு போட்டு விட்டு வண்டியுடன் வந்து நின்றான்.

இவ்வளவு ஏற்பாட்டுக்கும் காரணம் என் மைத்துனர். பாபநாசத்துக்குப் பக்கத்துக் கிராமத்தில் அவருக்கு விவசாயம். அவருடைய தாயார், அதாவது என் மாமியார், இடுப்பு எலும்பு முறிந்து தேறி வருகிறார். வாரத்தில் இரண்டு நாள் வைத்தியத்துக்காகத் தஞ்சாவூருக்கு அழைத்துப் போக வேண்டும். வாடகை வண்டிக்குக் கொடுத்துக் கொடுத்து மனிதர் சலித்துப் போனார். "சம்பா பணம் வந்ததும் சொந்தமாக ஒரு வண்டி வாங்கி விடுகிறேன், அத்தான். இந்த இரண்டில் எது என்று நீங்கள் சொல்லுங்கள், நீங்கள்தான் கணக்கு வாத்தியார்" என்றார். கணக்கு வாத்தியார் என்று சொல்லி விட்டால் எனக்கு மறுக்கத் தோன்றாது. கரும்பலகையில் போடும் கணக்கைவிடச் சாலையில் போடும் கணக்கு மெய்யாக இருக்கும் என்று நினைத்துத்தான் இந்தப் பிரயாணத்துக்கு ஏற்பாடு செய்தேன்.

விலையை முதலில் சொல்லி விடுகிறேன். கலப்பு வண்டி இந்தியாவில் வெளிவந்த 2022-ம் வருஷத்தில் அதன் விலை 19 லட்சத்து 49 ஆயிரம் ரூபாய். ஏறக்குறைய அதே வசதிகளுள்ள பெட்ரோல் வண்டி அப்போது சுமார் 15 லட்சம். பிறகு விலைகள் ஏறியும் இறங்கியும் இருக்கின்றன. நாங்கள் வித்தியாசத்தை நாலு லட்சம் என்று முழுசாக வைத்துக் கொண்டோம். இந்த நாலு லட்சத்துக்கு என்ன கிடைக்கிறது என்பதே கேள்வி.

கம்பெனியார் சொன்ன கணக்குப்படி, கலப்பு வண்டி ஒரு லிட்டருக்கு 26.5 கிலோமீட்டர் ஓடும். தானாகக் கியர் மாறும் பெட்ரோல் வண்டி 18.4 கிலோமீட்டர் ஓடும். இரண்டுக்கும் எஞ்சின் ஒன்றரை லிட்டர் கொள்ளளவுதான். ஆனால் கலப்பு வண்டியின் எஞ்சின் பெரும்பாலும் சக்கரத்தைச் சுழற்றுவதில்லை, மின்சாரத்தை உண்டாக்குகிறது. சக்கரத்தைச் சுழற்றுவது மோட்டார். நிதானமாகப் போகும்போது எஞ்சின் அடியோடு தூங்கி விடும். பாட்டரியிலிருக்கும் மின்சாரத்தில் வண்டி ஊரும். அகன்ற சாலையில் ஒரே வேகத்தில் போகும்போது மட்டும் எஞ்சின் நேரே சக்கரத்தோடு கைகோத்துக் கொள்ளும். பிரேக் போட்டால் இன்னொரு வேடிக்கை. சக்கரம் மோட்டாரைச் சுழற்ற, மோட்டார் டைனமோவாக மாறி மின்சாரத்தைப் பாட்டரிக்குத் திருப்பி அனுப்புகிறது. சாதாரண வண்டியில் பிரேக் போடும்போது அந்தச் சக்தியெல்லாம் வெறும் சூடாகிக் காற்றோடு போகிறது.

இது ஏதோ நேற்றுக் கண்ட அதிசயம் அல்ல. 1900-ம் வருஷத்திலேயே பெர்டினாண்ட் போர்ஷே என்ற இளைஞர் எஞ்சினும் மோட்டாரும் சேர்ந்த வண்டி ஒன்றைச் செய்து காட்டினார். ஆனால் ஜனங்கள் ஏராளமாக வாங்கும்படியான கலப்பு வண்டி வர 1997 வரையில், ஜப்பானில் 'பிரியஸ்' வெளிவரும் வரையில், காத்திருக்க வேண்டியிருந்தது.

காலை ஆறு மணிக்கு இரண்டு வண்டிகளுக்கும் கழுத்து மட்டும் பெட்ரோல் போட்டுக் கொண்டு புறப்பட்டோம். புது நாற்கரச் சாலையை வேண்டுமென்றே விட்டு விட்டு, அய்யம்பேட்டை, பாபநாசம் வழியாகப் போகும் பழைய சாலையைப் பிடித்தோம். மாமியாரின் வைத்தியப் பிரயாணமும் இந்தச் சாலையில்தானே! மைத்துனர் பெட்ரோல் வண்டியை ஓட்டினார். கல்லூரியில் படிக்கும் அவருடைய பிள்ளை பக்கத்தில். நான் என் மாணவனுடன் கலப்பு வண்டியில்.

தஞ்சாவூர் ஜில்லாவில் மேடு என்பது கிடையாது, பாலந்தான் உண்டு. கரந்தையில் வடவாறு, அப்பால் வெண்ணாறு என்று ஊரைத் தாண்டுவதற்குள் வண்டி ஏறி இறங்கத் தொடங்கி விடுகிறது. ஒவ்வொரு பாலத்திலிருந்தும் இறங்கும்போது எதிரே இருந்த சின்னப் படத்தில் பச்சை அம்பு சக்கரத்திலிருந்து பாட்டரிக்கு ஓடிற்று. கைப்பிடிச் சுவரோரம் நின்று பல் துலக்கிக் கொண்டிருந்தவர்களுக்கு அது தெரிய நியாயமில்லை. எனக்கு மட்டும் ஆறு நமக்கு ஏதோ சில்லறை திருப்பிக் கொடுப்பது போலிருந்தது.

இந்தப் பக்கத்துச் சாலைகளுக்கு இரண்டு தீனி தின்னும் வண்டி புதிதல்ல என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். 1912-ல் டி. வி. சுந்தரம் அய்யங்கார் தஞ்சாவூருக்கும் புதுக்கோட்டைக்கும் இடையே பஸ் விட்டார். இரண்டாவது உலக யுத்தத்தில் பெட்ரோல் பஞ்சம் வந்தபோது, அவருடைய கம்பெனியே மரக்கரியை எரித்து அதன் வாயுவில் வண்டி ஓட்டும் சாதனத்தைச் செய்து கொடுத்தது. பின்புறம் ஓர் அடுப்பைக் கட்டிக்கொண்டு அந்தக் கரி பஸ்கள் ஓடின. கரிவாயுவில் எஞ்சினுக்குப் பெட்ரோலில் உள்ள பலம் வராது. மலைப் பிரதேசத்தில் பிரயாணிகள் இறங்கித் தள்ளியிருப்பார்கள். நம் ஜில்லா சமதளமாய் இருந்தது அந்த நாளில் எவ்வளவு பேருடைய மானத்தைக் காப்பாற்றியதோ!

அய்யம்பேட்டையைத் தாண்டியதும் எங்கள் பரீட்சை நிஜமாகவே ஆரம்பித்தது. சாலையில் நெல் காயப் போட்டிருந்தார்கள். அறுவடைக் காலத்தில் இந்தப் பக்கம் வராதவர்களுக்கு ஒரு வார்த்தை: அரசாங்கத்தின் நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் நூற்றுக்குப் 17-க்கு மேல் இருந்தால், விதியைத் தளர்த்தினாலன்றி நெல்லை எடுக்க மாட்டார்கள். தையில் பனி பலமாகக் கொட்டுகிறது. களங்கள் போதவில்லை. ஆகையால் விவசாயி தார்ச்சாலையில் பாதியைக் களமாக்கி, ஓரத்தில் கல்லும் கிளையும் வைத்து அடையாளம் செய்து விடுகிறான். மிச்சமுள்ள பாதியில் போகிற வண்டியும் வருகிற வண்டியும் ஒன்றுக்கொன்று மரியாதை செய்துகொண்டு நகர வேண்டும். இதைக் குற்றம் சொல்லும் பட்டணவாசிகள் உண்டு. ஒரு பருவத்து உழைப்பு முழுவதும் ஈரப்பதம் அளக்கும் அந்தச் சின்ன யந்திரத்தின் முள்ளில் தொங்குகிறது என்று அறிந்தால் ஹாரனில் வைத்த கையை எடுத்து விடுவார்கள்.

அந்த நெல்லின் ஓரமாக இரண்டு வண்டிகளும் ஆமை வேகத்தில் ஊர்ந்தன. முன்னால் போன பெட்ரோல் வண்டியின் எஞ்சின் உறுமிக் கொண்டே இருந்தது. பத்தடி நகர்ந்தாலும் உறுமல், நின்றாலும் உறுமல். எங்கள் வண்டியில் சத்தமே இல்லை. துடைப்பத்தால் நெல்லைக் கூட்டிக் கொண்டிருந்த ஒரு கிழவி முதல் வண்டிக்கு ஒதுங்கி நின்றாள். அது போனதும் மறுபடியும் சாலைக்கு வந்து முதுகைக் காட்டிக் குனிந்து விட்டாள். என் மாணவன் வண்டியை நிறுத்தி மெதுவாக ஹாரன் அடித்தான். கிழவி திரும்பிப் பார்த்து, "ஏன் தம்பி, வண்டி ஓடுதா, இல்லே காத்து தள்ளிக்கிட்டு வருதா?" என்று கேட்டாள். மோட்டாரில் ஊரும் எந்த வண்டிக்கும் இந்தக் கேள்வி பொருந்தும். நெல்லும் ஆடும் குழந்தைகளும் கலந்த சாலையில் சத்தமின்மை சௌகரியம் மாத்திரம் அல்ல. ஓட்டுகிறவனுக்குக் கூடுதல் பொறுப்பு.

பாபநாசத்தில் திருப்பாலைத்துறைக் கோயிலுக்குள் போய், அங்கே இருக்கும் பழைய நெற்களஞ்சியத்தைப் பார்த்தோம். நாயக்கர் காலத்தில், 17-ம் நூற்றாண்டில் கட்டியது. வட்டமான அடி, கூம்பிய முடி. 3,000 கலம் நெல் கொள்ளும் என்பார்கள். அதன் கீழே நின்றபோது மைத்துனருடைய பிள்ளை, "உங்கள் வண்டியின் பாட்டரியும் இதுபோலத்தானே, மாமா?" என்றான். இல்லை என்று சொன்னேன். அந்தப் பாட்டரி ஒரு யூனிட் மின்சாரம்கூடக் கொள்ளாது. அது களஞ்சியமல்ல, மரக்கால். மரக்காலில் நெல்லைச் சேமிக்க முடியாது. ஆனால் நாள் முழுவதும் அள்ளி அள்ளிப் போடலாம். ஒவ்வொரு பிரேக்கிலும் நிறைந்து, ஒவ்வொரு புறப்பாட்டிலும் காலியாகி, அந்தச் சின்னப் பாத்திரம் அன்று எத்தனை தடவை வேலை செய்ததோ! நின்று நின்று போகிற சாலையில்தான் அதற்கு வேலை என்பதும் இதிலிருந்தே விளங்கும்.

கும்பகோணத்தில் காப்பி. அதைப் பற்றி எழுதப் புகுந்தால் வண்டி அங்கேயே நின்று விடும்.

ஆடுதுறைச் சாலையில் வாலிபன் கலப்பு வண்டிக்கு மாறிக் கொண்டான். 'ஸ்போர்ட்ஸ்' வண்டி என்பதில் இக்காலத்துப் பிள்ளைகளுக்கு இருக்கும் மோகத்தைச் சொல்ல வேண்டியதில்லை. சாலையை அடைத்துக் கொண்டு வைக்கோல் டிராக்டர் ஒன்று ஊர்ந்தது. எதிரே சாலை காலியான க்ஷணத்தில் அவன் காலை அழுத்தினான். வண்டி வில்லிலிருந்து விட்ட அம்பு மாதிரி புறப்பட்டது. மோட்டாரின் முறுக்கு விசை 253 நியூட்டன்-மீட்டர். பெட்ரோல் எஞ்சினுடையது 145. அதோடு மோட்டார் தன் பலத்தை நின்ற நிலையிலேயே கொடுத்து விடும். எஞ்சின் சுழன்று சூடேறின பிறகுதான் கொடுக்கும். சுமார் நூறு கிலோ எடை கூடுதலாக இருந்தும் கலப்பு வண்டி முந்துவதற்கு இதுவே காரணம். பின்னால் வந்த மைத்துனர் டிராக்டரைத் தாண்ட இன்னும் இரண்டு கிலோமீட்டர் பொறுத்திருக்க நேர்ந்தது. ஆயினும் பையன் இறங்கியதும், "பெட்ரோல் வண்டியின் சத்தத்தில் ஒரு கம்பீரம் இருக்கிறது" என்றான். வாஸ்தவம். நாதஸ்வரம் இல்லாத கல்யாணத்திலும் தாலி கட்டலாம், என்னவோ குறைகிறது.

குத்தாலத்தை நெருங்கும்போது பேச்சு தானாகவே கதிராமங்கலத்துக்குப் போயிற்று. அதிக தூரமில்லை, வனதுர்க்கை கோயிலுக்குப் பேர்போன ஊர். 2017 ஜூன் 30-ந் தேதி அங்கே வயலில் பதித்திருந்த எண்ணெய்க் குழாயில் கசிவு ஏற்பட்டது. ஜனங்கள் திரண்டார்கள், தடியடியும் கைதும் நடந்தன. நம் வண்டியில் எரியும் எண்ணெய் அரபு நாட்டு மணலிலிருந்து மாத்திரம் வருகிறது என்று நாம் நினைக்கிறோம். இந்தியாவுக்கு வேண்டிய கச்சா எண்ணெயில் நூற்றுக்கு 85 பங்குக்கு மேல் வெளிநாட்டிலிருந்து வருவது மெய்தான். ஆனால் நரிமணத்திலும் கதிராமங்கலத்திலும் நெல் வேருக்குக் கீழேயும் எண்ணெய் இருக்கிறது. மேலே சோறு, கீழே எண்ணெய். இரண்டில் எது முக்கியம் என்ற வழக்குத்தான் அந்தப் போராட்டம். 2020 பிப்ரவரியில் தமிழ்நாடு சட்டசபை இந்தப் பிரதேசத்தைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்கிச் சட்டம் செய்தது. புதிய எண்ணெய்க் கிணறுகளுக்கு அதில் தடை உண்டு. முன்பே தோண்டியவற்றை அது மூடவில்லை.

மைத்துனர் கேட்டார்: "அத்தான், இப்போது பெட்ரோலிலேயே ஐந்தில் ஒரு பங்கு எத்தனால் கலக்கிறார்களே, அது அரிசியிலிருந்தும் செய்வதாமே?" ஆம், கரும்பு, மக்காச்சோளத்தோடு மத்தியத் தொகுப்பிலுள்ள உபரி அரிசியும் அதற்குப் போகிறது. வெளிநாட்டு எண்ணெய் குறைவது நல்ல காரியம். ஆனால் எத்தனாலுக்குச் சக்தி பெட்ரோலில் மூன்றில் இரண்டு பங்குதான். ஆகையால் கலவையில் வண்டி ஓடும் தூரமும் சிறிது குறையும். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அரிசியை வடித்து எஞ்சினுக்கு ஊற்றுவது என்றால், அந்த எஞ்சின் சும்மா நின்று உறுமக் கூடாது" என்றார். அந்தப் பிரயாணத்தில் யாரும் சொன்ன நியாயங்களில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். வயலில் இறங்கி வேலை செய்கிறவர் சொன்னதால் இருக்கலாம்.

மாயவரத்தில் மறுபடியும் இரண்டு வண்டிகளுக்கும் பெட்ரோல் நிரப்பி அளந்தோம். 75 கிலோமீட்டர் பழைய சாலையில் பெட்ரோல் வண்டி லிட்டருக்கு 13 கிலோமீட்டர் வீதம் ஓடியிருந்தது. கலப்பு வண்டி 22. திரும்பும்போது கும்பகோணத்துக்கு அப்பால் விக்கிரவாண்டி - தஞ்சை நாற்கரச் சாலையைப் பிடித்தோம். அதில் நெல்லும் இல்லை, கிழவியும் இல்லை. பிரேக்குக்கும் வேலை இல்லை. அளந்து பார்த்ததில் பெட்ரோல் வண்டி 18 ஓடியது. கலப்பு வண்டி 23. இடைவெளி 9-லிருந்து 5-ஆகி விட்டது. கலப்பு வண்டி சிக்கனமானது என்று பொதுவாகச் சொல்வதில் அர்த்தமில்லை. எந்தச் சாலையில் என்று சேர்த்துச் சொல்ல வேண்டும்.

சாயங்காலம் மைத்துனர் வீட்டுத் திண்ணையில் கணக்குப் போட்டோம். வைத்தியத்துக்குப் போய் வர 50 கிலோமீட்டர், வாரம் இரண்டு தரம். கோயில், கல்யாணம், கருமாதி எல்லாம் சேர்த்து வருஷத்துக்கு 8,000 கிலோமீட்டர். பழைய சாலை வீதப்படி பெட்ரோல் வண்டிக்கு 615 லிட்டர், கலப்பு வண்டிக்கு 364. மிச்சம் 251 லிட்டர். லிட்டர் 100 ரூபாய் என்றால் 25,100 ரூபாய். நாலு லட்சத்தை எட்ட 16 வருஷம் ஆகும்! கம்பெனியார் சொன்ன வீதப்படியே போட்டால் இன்னும் மோசம், 30 வருஷம். பாட்டரிக்கு அவர்கள் கொடுக்கும் உத்தரவாதமோ 8 வருஷம். வருஷத்துக்கு 40,000 கிலோமீட்டர் இதே போன்ற சாலையில் ஓட்டுகிறவருக்கு மூன்று வருஷத்துக்குச் சற்று மேலே போட்ட பணம் திரும்பி விடும். வாடகை வண்டிக்காரருக்கு லாபம். மாமியாரை அழைத்துப் போகிறவருக்கு நஷ்டம்.

மைத்துனருக்கு ரூபாய்க் கணக்கு மனசில் தைக்காது. ஆகையால் நெல்லாக மாற்றினேன். குவிண்டால் 2,500 ரூபாய் என்று கொள்முதல் நிலையத்தில் கொடுப்பதை வைத்துக் கொண்டால், நாலு லட்சம் என்பது 160 குவிண்டால். 40 கிலோ மூட்டையாக 400 மூட்டை. ஏழெட்டு ஏக்கரின் ஒரு போகம். "நானூறு மூட்டையா!" என்று அவர் வாசலில் கிடந்த சாக்குகளைப் பார்த்தார். ஆனாலும் அரிசி எஞ்சினைப் பற்றித் தாம் சொன்னது அவரை விடவில்லை. "வருஷத்துக்கு 250 லிட்டர், அத்தான், அதையும் பார்க்க வேண்டுமல்லவா?" என்றார். எனக்கும் அப்படித்தான். காசு கணக்கு ஒரு பக்கம் இழுத்தது. நாள் முழுவதும் கண்ட காட்சி மறு பக்கம் இழுத்தது. பணம் என்னுடையதாக இருந்து, வண்டியும் தினமும் ஓடுவதாக இருந்தால் கலப்பு வண்டியே வாங்குவேன் என்று சொன்னேன். பணம் என்னுடையதல்ல.

வழக்கைத் தீர்த்து வைத்தவர் மாமியார். அவரை இரண்டு வண்டிகளிலும் உட்கார வைத்துத் தெருக்கோடி வரை அழைத்துப் போய் வந்தோம். கலப்பு வண்டியில் நிற்கும்போது அதிர்வு இல்லாதது இடுப்புக்கு இதமாக இருக்கிறது என்று ஒப்புக் கொண்டார். பிறகு, "நாற்காலியை எங்கே வைப்பீங்க, மாப்பிள்ளை?" என்று கேட்டார்.

அதை நாங்கள் ஒருவரும் யோசிக்கவில்லை. மடக்கும் சக்கர நாற்காலியைப் பின்னால் தூக்கி வைத்துப் பார்த்தோம். பெட்ரோல் வண்டியின் சாமான் அறை 506 லிட்டர். நாற்காலி போய், மேலே துணிப்பையும் வெந்நீர் கூஜாவும் வைக்க இடம் இருந்தது. கலப்பு வண்டியில் பாட்டரி இடம் பிடித்துக் கொண்டதால் அறை 306 லிட்டர்தான். நாற்காலியை வைத்தால் பைக்கு இடமில்லை; அதையும் கோணலாகச் சாய்த்து வைக்க வேண்டியிருந்தது. "எனக்காக வாங்குற வண்டியிலே என் நாற்காலி ஏற வேண்டாமா?" என்றார் மாமியார். அப்பீல் கிடையாது.

மாசி மாதம் மைத்துனர் பெட்ரோல் வண்டியை எடுத்து வந்தார். முதல் தடவை தாயாரைத் தஞ்சாவூருக்கு அழைத்துப் போனபோது நானும் கூட இருந்தேன். வழியில் ரெயில்வே கேட் மூடியிருந்தது. எங்களுக்கு முன்னும் பின்னும் ஏழெட்டு வண்டிகள் உறுமிக் கொண்டு நின்றன. மைத்துனர் எஞ்சினை அணைத்தார். ஜன்னலை இறக்கினார். கேட்டுக்கு அப்பால் அறுத்த வயலில் கொக்குகள் மேய்ந்து கொண்டிருந்தன. பின்னால் வந்த லாரிக்காரர் எட்டிப் பார்த்து, "என்ன சார், வண்டி ரிப்பேரா?" என்று கேட்டார்.

"இல்லீங்க, கேட் திறக்கட்டும்" என்றார் மைத்துனர்.